மரியாளின் மகளைத் தேடி

சென்னைத் துறைமுகத்தில் ஒரு போலீஸ்காரர் என்னைத் தமிழில் அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்த மலாயாவில் போலீஸ் மலாய் பேசும். துரை இங்கிலீஷ் பேசுவார். கடைக்காரர் சீனம் பேசுவார். தமிழ் என்பது ரப்பர் தோட்டத்து லயத்துக்குள், கூலிகளின் வரிசை வீடுகளுக்குள், புழங்குகிற பாஷை. இங்கே போலீஸ்காரர், மூட்டை தூக்குகிறவர், கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல், என் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன், எல்லாரும் தமிழ்தான். குடை போனால் போகிறது என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வயதில்தான் என் பெற்றோரின் மண்ணை முதல் முறையாக மிதித்திருந்தேன்.

பேராக் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கொட்டகையில் ஆராதனை நடத்துவதும் நான்தான். முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அப்படி அனுப்பப்பட்டவர்களோடு கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தேன். என் பக்கத்தில் படுத்திருந்த கிழவர் ஒருநாள் கேட்டார்: “டீச்சரம்மா, போறப்போ கங்காணி மலாயாவுல பாலும் தேனும் ஓடுதுன்னான். இப்ப ஊருக்குப் போனா பொழச்சுக்கலாம்னு ஆபீஸ் கிராணி சொல்றான். இதுல எது எகிப்து, எது கானான்?” நான் வேதபாடம் நடத்துகிறவள். பாயை உதறி மறுபடி விரித்தேன்.

நான் வந்தது மரியாளுக்காக. மரியாள் எங்கள் தோட்டத்தில் பால்வெட்டுகிறவள், எங்கள் சபையாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவளும் புருஷனும் ஒன்பது வயது மகள் ரூத்தோடு கப்பலேறக் கிளம்பினார்கள். கப்பலேறுகிறவர்களைச் சோதிக்கிற சென்னை முகாமில் டாக்டர் பிள்ளைக்குக் கண்நோய் என்று நிறுத்திவிட்டார். பெற்றோர் வேலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தாகிவிட்டது, கப்பல் காத்திருக்காது. முகாமுக்கு ஜெபம் பண்ண வந்த ஒரு கிறிஸ்தவ அம்மாள், “நான் பாத்துக்கிறேன், படிக்க வைக்கிறேன், கண்ணு சரியானதும் அனுப்புறேன்” என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் வருஷம் சாந்தோம் விலாசத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி. புருஷன் மலைக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். இப்போது மரியாளுக்குக் கை நடுங்குகிறது, மரத்தில் கோடு சரியாக விழுவதில்லை. அடுத்து அனுப்பப்போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. எனக்கு இரண்டு மாத விடுமுறை கிடைத்தபோது வாசலில் வந்து நின்றாள்.

“அவ எங்கிட்ட வரணும்னு இல்ல டீச்சர். நான் விட்டுட்டுப் போகல, பிடுங்கிட்டாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க.”

துறைமுகத்து வாசலில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர், “இன்னாமா, எங்க போவணும்? குந்து” என்றார். குந்துவதா என்று விழித்தேன். “உக்காருன்றேன்மா” என்று அவரே எனக்கு மொழிபெயர்த்தார். தமிழுக்குத் தமிழே அர்த்தம் சொல்ல வேண்டியிருந்தது. டிராம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். ராயப்பேட்டையில் டிராமின் தலைக்கம்பு மின்கம்பியிலிருந்து நழுவிவிட்டது. கண்டக்டர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார், கம்பு கம்பியைத் தவிர எல்லாவற்றையும் தொடுகிறது. “தெனம் இதே ரோதனை” என்று ஒருவர் இறங்கி நடந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு அவசரமில்லை. எவ்வளவு பேச்சு கேட்கிறதோ அவ்வளவு லாபம்.

மயிலாப்பூரில் எங்கள் திருச்சபைப் போதகர் தேவசகாயம் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி கிரேஸ் அம்மாள் சுடச்சுட இட்டிலியும் வடகறியும் வைத்து, காப்பியை நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தார். பாலில்லாத கறுப்புக் காப்பி குடித்தே பழகிய நாக்கு எனக்கு. அந்தக் காப்பியின் முதல் வாயில் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று கிரேஸ் அம்மாள் கேட்கவில்லை, இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

மறுநாள் காலை சாந்தோமுக்கு நடந்தே போனேன். கடற்காற்று, வெள்ளையடித்த மதில், உள்ளே இரண்டு மாமரம். வீட்டுக்காரர் சாமுவேல் ஐயா சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியில் மூத்தவர். அன்று முகாமில் பிள்ளையின் கையைப் பிடித்த அவர் மனைவி லீதியாள் அம்மாள் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், முழங்கால் வீக்கம். மலாயாவிலிருந்து வந்த டீச்சர் என்றதும் இருவரும் அன்பாகத்தான் வரவேற்றார்கள். நான் மரியாளின் பெயரைச் சொன்னதும் அம்மாளின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அவ அம்மா இறந்துட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னால கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் வாசல்ல போய் நிப்பா. வேலையும் ஓடாது, சாப்பாடும் இறங்காது. அவ நிம்மதிக்காகத்தான் சொன்னோம். எங்க பொண்ணு மாதிரி வச்சிருக்கோம். நீங்க வந்து கலைச்சுடாதீங்க.”

அப்போது அவள் காப்பி கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயது ரூத். மரியாளின் அதே அகன்ற நெற்றி. சாந்தா என்ற அந்த வீட்டு மகளின் பழைய புடவையைக் கட்டியிருந்தாள். கை முழுவதும் அடுப்புத் தழும்பு. “இவங்க மலாயாவுலேர்ந்து வந்திருக்காங்க. உனக்கு அங்க யாராவது உண்டா?” என்று அம்மாள் சாதாரணமாகக் கேட்டார். “எனக்கு யாரும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு, காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் அந்தக் காப்பியைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். பேச்சோடு பேச்சாக ஐயா சொன்னார்: சாந்தாவுக்கு மாம்பலத்தில் தியாகராய நகரில் புது வீடு கட்டியாகிவிட்டது, சனிக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம், ரூத் இனி அங்கேதான் இருப்பாள், சாந்தாவுக்குப் பேறுகாலம் வருகிறது. பாத்திர பண்டங்களோடு அவளையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அவருக்கு அப்படித் தோன்றியிருக்காது.

திரும்பி வந்து போதகரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நல்ல மனிதர், பயந்தவர்.

“தங்கச்சி, அவங்க அடிக்கிறதில்ல, பட்டினி போடுறதில்ல. கோயிலுக்குக் கூட்டிட்டு வராங்க. பவுலடியாரே ஓடிப்போன அடிமையை எஜமான் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார், இல்லையா?”

“அனுப்பினார் ஐயா. வெறுங்கையோட அனுப்பல. கடிதம் கொடுத்து அனுப்பினார். இவனை இனிமே அடிமையா நினைக்காதே, தம்பியா சேத்துக்கோ, நான் வந்தா எப்படி வரவேற்பியோ அப்படியே இவனையும் ஏத்துக்கோன்னு எழுதினார்.”

“அந்த எஜமான் சேத்துக்கிட்டாரா, இல்லையா? வேதத்துல அது எழுதலையே.”

“எழுதாம நம்மகிட்ட விட்டிருக்காங்க போல.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிரேஸ் அம்மாள் தலை நிமிராமல் சொன்னார்: “காலையில ஏழு மணிக்கு அந்தப் பொண்ணு குளத்துப் பக்கம் காய் வாங்க வரும்.”

மறுநாள் கபாலீசுவரர் குளக்கரைக் கடைகளில் அவளைக் கண்டுபிடித்தேன். கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகவே சொன்னேன்: “ரூத், உன் அம்மா சாகல. என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து லயத்துல இருக்கா. அவதான் என்னை அனுப்பினா.”

அவள் நான்கு கத்தரிக்காயைப் பையில் போட்டாள். ஐந்தாவதைப் போட்டாள். பிறகு கூடைகளுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நெசமாவா? சத்தியமாவா?”

“சத்தியமா. கண்நோயின்னு டாக்டர் உன்னை நிறுத்திட்டார். அவ விட்டுட்டுப் போகல.”

“கண்ணு ஒரு வாரத்துல சரியாப் போச்சே டீச்சர்” என்றாள். “ஒரே வாரம். அடுத்த கப்பல்ல ஏத்தியிருக்கலாமே.”

காய்க்காரம்மாள் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். ரூத் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லப் பேசினாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது இரண்டு மாதம். அப்புறம் சாந்தாவுக்கு அம்மை போட்டது, கூட இருக்க ஆள் வேண்டியிருந்தது. “அந்த ஊட்டு அம்மா கெட்டவங்க இல்ல டீச்சர். எனக்குக் காய்ச்சல் வந்தா கூட குந்திக்கினு ஜெபம் பண்ணுவாங்க. சாயங்கால ஜெபத்துல இஸ்ரவேலர எகிப்துலேர்ந்து கூட்டியாந்த கதைய ஐயா எப்பவும் படிப்பார். நான் கதவாண்ட குந்திக்கினு கேப்பேன். அவங்கள்லாம் கெளம்பிட்டா மறுநா பார்வோன் ஊட்ல சோறாக்கினது யாருன்னு தோணும். கேக்க மாட்டேன்.”

நான் உடனே புத்தி சொல்ல ஆரம்பித்தேன். மனுஷர் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் தேவனுடைய சாயல் என்று கொட்டகையில் சொல்லும் பிரசங்கம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெகுளியாகத்தான் கேட்டாள்: “உங்க ஊட்ல யார் டீச்சர் சமைக்கிறாங்க?”

செல்லி. பன்னிரண்டு வயது. அப்பன் ஆத்தா இல்லாதவள் என்று மூன்று வருஷத்துக்கு முன் என் வீட்டோடு சேர்த்துக்கொண்டேன். நான் பள்ளிக்கூடம் நடத்தும்போது பக்கத்து அறையில் எனக்குச் சோறு பொங்குவாள். என் பிள்ளை மாதிரி என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ரூத்திடம் அதைச் சொன்னேன். குளத்துக் கரையில் அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அவள் என்னைத் திட்டவில்லை. “அவ பேர் இன்னா?” என்று கேட்டாள். சொன்னேன். தலையாட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, “சனிக்கெழமை மாம்பலம் வாங்க டீச்சர். அதுக்குள்ள நான் யோசிக்கணும். நான் யோசிச்சதே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை போதகரும் கிரேஸ் அம்மாளும் நானும் ஒரு ஜட்காவில் மாம்பலம் போனோம். ஒரு காலத்தில் அங்கே பெரிய ஏரி இருந்ததாம். அதைத் தூர்த்துத்தான் தெரு போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழை. ஏரி தன் இடத்தை இன்னும் மறக்கவில்லை. சக்கரம் அச்சு வரை சேற்றில் இறங்கியது. குதிரை ஒரு தரம் வண்டிக்காரரைப் பார்த்துவிட்டு நின்றேவிட்டது. போதகர் வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். நானும் தள்ளினேன். சேறும் சகதியுமாகப் பிரதிஷ்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் வேதத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார்.

கூடத்தில் நாற்காலிகள். பெரிய மனிதர்கள். புதுச் சுண்ணாம்பு வாசனையும் பிரியாணி வாசனையும். ரூத் சமையலறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுப் பிரதிஷ்டைக்கென்று எப்போதும் வாசிக்கிற ஒரு சங்கீதம் உண்டு. போதகர் அதை விட்டுவிட்டு வேறு பக்கம் திருப்பினார். பவுல் அந்த எஜமானுக்கு எழுதிய கடிதம் ஒரே அதிகாரம்தான். முழுவதையும் வாசித்தார். வேதத்தைப் பிடித்த கையில் இன்னும் சேறு காயவில்லை.

வாசித்து முடித்ததும் சாமுவேல் ஐயா மெல்லக் கேட்டார்: “போதகரே, புது வீட்டுக்கு ஏத்த பகுதியா இது?”

“இந்த வீட்டுக்கு ஏத்த பகுதி ஐயா. என் வீட்டுக்கும்தான். பதினாறு வருஷமா நான் அந்தப் பொண்ணைக் கோயில்ல பாத்துட்டிருக்கேன். ஒருநாளும் கேக்கல.”

ரூத் எழுந்து கூடத்துக்குள் வந்தாள். எல்லார் முன்னாலும் அவள் நடுக்கூடத்தில் நின்றது அதுவே முதல் தடவை என்று பிறகு சொன்னாள்.

“ஐயா, எங்கம்மா உசுரோட கீறாங்களாம்.”

லீதியாள் அம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“அப்போ நான் போறேங்க” என்றாள் ரூத்.

ஐயாவின் முகம் சிவந்தது. “பதினாறு வருஷம் இந்த வீட்ல உனக்குச் சோறு போட்டிருக்கோம், ரூத்.”

“நான்தானேய்யா ஆக்குனேன்” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அவர் மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்துகிற மாதிரி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவும் இல்லை, ஆசீர்வதிக்கவும் இல்லை. அழுதது லீதியாள் அம்மாள்தான். “என்னை யாருடி தூக்கி உக்கார வைப்பா?” என்று கேட்டு அழுதார். ரூத் அவர் காலடியில் உட்கார்ந்து சற்று நேரம் அந்த வீங்கிய முழங்காலைப் பிடித்துவிட்டாள். அவளும் அழுதாள். அந்த அழுகை நிஜம், அவர்கள் செய்ததும் நிஜம். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அன்றுவரை தெரியாது. “கஞ்சி வடிக்கணும்மா, சோறு குழைஞ்சிடும்” என்று உள்ளே போனாள். வடித்து வைத்துவிட்டு, ஈரக் கையோடு எங்களோடு வெளியே வந்தாள். எடுத்துக்கொள்ள அவளுக்கென்று எதுவும் இல்லை.

அவளை என்னோடு மலாயாவுக்கு அழைத்துப் போவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அவள் மறுத்துவிட்டாள். “அங்கேர்ந்து எல்லாரயும் தொரத்துறாங்கன்னு நீங்களே சொல்றீங்க. எங்கம்மாவயும் அனுப்பத்தானே போறாங்க? இங்க வரட்டும். வந்தா நிக்க எடம் வேணும், அத நான் பாக்குறேன்.” மரியாளுக்குப் போக இடமில்லை என்று நான் ஆறு நாள் கடலில் வருந்திக்கொண்டு வந்தேன். இவளுக்கு அரை நிமிஷத்தில் விடை தெரிந்தது.

அடையாற்றுப் பாலத்துக்கு அப்பால் அநாதைப் பிள்ளைகளுக்கான ஒரு சிறு விடுதி. கிரேஸ் அம்மாளுக்குத் தெரிந்த இடம். அங்கே சமையலுக்கு ஆள் வேண்டியிருந்தது. மாதச் சம்பளம், ஞாயிறு ஓய்வு, தங்க ஓர் அறை. அறையைக் காட்டியபோது ரூத் கதவை உள்ளே சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். நாங்கள் வெளியே காத்திருந்தோம்.

முதல் ஞாயிறு ஆராதனைக்கு வந்தவள் தரையில் உட்காரப் போய், நின்று, கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வாரங்களில் செங்கல்பட்டுப் பக்கம் போய் என் பெற்றோரின் ஊரைப் பார்த்துவந்தேன். ஒருவருக்கும் எங்களைத் தெரியவில்லை. அந்தப் பெயரில் யாரோ கப்பலேறினார்கள் என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். எந்த மண்ணுக்காக என் அப்பா சாகும்வரை ஏங்கினாரோ அதில் அரைமணி நேரம் நின்றுவிட்டு ரயிலுக்குத் திரும்பினேன். அதன் பிறகு எனக்குச் சென்னையில் வீடு என்று தோன்றியது ரூத்தின் அந்த ஒற்றை அறைதான்.

கப்பலுக்கு முதல் நாள் மாலை, ஆறு கடலில் கலக்கிற இடத்தில் மணலில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். பள்ளிக்கூடத்து இரண்டு மாதத்தில் கற்ற எழுத்தெல்லாம் போய்விட்டது. அவள் சொல்ல நான் எழுதினேன். சுண்டல் விற்கிற ஒருவர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, வாங்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் தாமும் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்.

“அன்புள்ள...” என்று தொடங்கி, அவளைப் பார்த்தேன்.

“இருங்க டீச்சர். நான் அவங்கள இன்னான்னு கூப்ட்டுக்கினு இருந்தேன்?”

எனக்கு எப்படித் தெரியும்?

அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். அம்மாவின் கை நினைவிருந்தது, புடவையின் சாயம் நினைவிருந்தது. கூப்பிட்ட சொல் வரவில்லை. “அந்த ஊட்ல அம்மான்னா அவங்க. அம்மான்னு சொன்னாலே அவங்க மொகம்தான் வருது. அத எழுதாதீங்க. எடம் விட்டு எழுதுங்க.”

இடம் விட்டு எழுதினேன்.

பேராக் திரும்பியதும் செல்லியை நகரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பினேன் என்று எழுத ஆசைதான். அத்தனை பெரிய காரியம் எனக்கு முடியவில்லை. காலையில் அவள் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறாள். சோறு நான் பொங்குகிறேன். பாதி நாள் அடிப்பிடிக்கிறது, அவள் குறை சொல்கிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

மரியாள் லயத்து வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். கழுவிக்கொண்டே கேட்டாள். கடிதத்தை எடுத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் வாசித்தேன்: எனக்கு ஓர் அறை இருக்கிறது, நீ வந்தால் இரண்டு பேர் படுக்கலாம், துறைமுகத்துக்கு நானே வந்து நிற்பேன், எனக்கு உன்னைத் தெரியாவிட்டாலும் நீ என்னைத் தெரிந்துகொள்.

“ஆரம்பத்துல என்னமோ விட்டுட்டீங்களே டீச்சர்” என்றாள்.

விட்ட இடத்தைக் காட்டிக் காரணத்தைச் சொன்னேன். மரியாள் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“அது எங்க என்னை அம்மான்னு கூப்புட்டுது? அவங்கப்பா என்னைக் கூப்புடுறதப் பாத்துட்டு அதுவும் பேரச் சொல்லித்தான் கூப்புடும். ஞானஸ்நானத்துக்கு முந்தின பேரு. அன்னம். ‘ஏ அன்னம், பசிக்குது’ன்னு வந்து நிக்கும். எத்தன அடிச்சும் மாத்திக்கல.” கழுவிய வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “அவரு போனப்புறம் என்னை அந்தப் பேரச் சொல்லி யாரும் கூப்புடல டீச்சர். நீங்க அத எழுதிட்டு, முதல்லேர்ந்து படிங்க.”

விட்ட இடத்தில் அதை எழுதினேன். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

“அன்புள்ள அன்னம்.”

“ம்” என்றாள் அவள்.